நீர்மூழ்கிக்கு லைன் இழுத்தவர்

போகிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜின் மேல் நான்கு வருஷமாகத் தூசி படிந்து கிடந்த பொம்மை நீர்மூழ்கிக் கப்பலை இந்தத் தடவை கண்டிப்பாகத் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு விரலால் எடுத்தேன். எடுத்த வேகத்தில் ஏதோ ஒன்று ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. கட்டைவிரலால் தேய்த்தேன், கட்டைவிரலில் போய் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தால் முடி. சாம்பல் நிறப் பெயின்ட் பூசிய, விரல் நீளத்துக்கு ஒரு முடி. கப்பலின் நடுக் கோபுரத்திலிருந்து வால்வரை போகும் கம்பியாக இத்தனை நாள் இருந்தது, இரண்டு முனையிலும் பசை விட்டுப்போய் என் கைக்கு வந்துவிட்டது. கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடியே நின்றேன். இந்த முடியால்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மாமனாரைப் பீர்க்கன்கரணை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்தோம்.

என்னைச் சுத்தக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று ஊரார் உடம்பைவிட்டு வெளியே வருவதெல்லாம் டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி, என் மேஜைக்குத்தான் வரும். மதியம் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன், எனக்கு ஒன்றும் செய்யாது. தலையைவிட்டு விழுந்த முடி மட்டும் ஆகாது. சோப்பில் சுற்றியிருக்கும் முடி, குளியலறைச் சல்லடையில் திரண்டிருக்கும் முடி, சாம்பாரில் கரண்டியோடு நீளமாக வரும் முடி, இவற்றை நினைத்தால் இப்போதும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் இருக்கும். குன்றத்தூர் மலையில் மொட்டை போடும் இடத்தைத் தாண்டும்போது புடவையைக் கணுக்கால்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக நடப்பேன். முருகன் மன்னிப்பார், என் மாமியார் மன்னித்ததில்லை.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாதம் இரண்டு தடவை தலைக்கு மருதாணி போடுவார். நரைத்த முடியில் மருதாணி ஏறி ஏறி அவர் தலை முழுக்க ஒரு செங்காவி நிறம் வந்திருந்தது. தெருவில் அந்த நிறத்தில் வேறு தலை கிடையாது. அவருடைய தலையணை உறையெல்லாம் ஆரஞ்சு ஆரஞ்சாகத் திட்டு. அதைத் துவைக்கப் போடும்போது வாயால் மூச்சு விட்டுக்கொள்வேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சீப்பில் வரும் முடியை அவர் எறியமாட்டார். விரலில் சுற்றிச் சுருட்டி, கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றில் போட்டு, சமையலறை ஜன்னல் கம்பியில் சொருகிவைப்பார். சவுரிமுடி வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தால் கவரைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக்கொள்வார். அப்படி வந்த கிண்ணங்கள் எங்கள் வீட்டில் ஏழெட்டு இருந்தன. ஒன்றிலும் நான் வாய் வைத்ததில்லை.

அத்தை திடீரென்றுதான் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் லீவு போட்டு வீட்டைக் கழுவினேன். தலையணைகள், உறைகள், மருதாணிக் கிண்ணம், பாதி நிரம்பியிருந்த அந்தப் பால் கவர் எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, குப்பை வண்டிக்காக வாசலில் வைத்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ, உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டதுபோல் இருந்தது.

மாமா தொலைபேசித் துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிவரை எந்தத் தெருவில் எந்தக் கம்பம், எந்தக் கம்பத்தில் எந்த வீட்டு லைன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கம்பங்களையும் கம்பிகளையும் பிடுங்கி ஆளாளுக்குக் கையில் போன் வந்த பிறகும் அவர் தெருவில் நடந்தால் மேலே பார்த்துக்கொண்டுதான் நடப்பார். யாருக்குப் போன் போட்டாலும் "லைன் கிளியரா கீதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அத்தை போன பிறகு அவர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என் வீட்டுக்காரர் ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் கப்பல் பெட்டி வரவழைத்துக் கொடுத்தார். பாகங்களை வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். போர்க்கப்பல் என்றால் ஐந்நூறு பாகம் இருக்கும், அப்பாவுக்குக் கஷ்டம், நீர்மூழ்கி என்றால் முப்பதே பாகம் என்று அவர் கணக்கு. நீச்சல் தெரியாத, கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத ஒரு மனிதருக்கு நீர்மூழ்கி வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஒரு சாண் நீளம்தான் அந்தக் கப்பல். முப்பது பாகத்தையும் பத்தே நாளில் ஒட்டி முடித்துவிட்டார். முடித்த பிறகுதான் பெட்டியின் மேல் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். படத்தில் கோபுரத்திலிருந்து மூக்குக்கு ஒரு கம்பி, வாலுக்கு இரண்டு கம்பி. நடுநடுவே, கம்பத்தில் இருப்பதுபோல், வெள்ளையாகப் பீங்கான் குமிழ். எல்லாம் அந்தக் காலத்து ரேடியோ ஏரியல். பெட்டிக்குள் அது எதுவும் கிடையாது. குறிப்புத் தாளில் மூன்று கோடு மட்டும் போட்டிருந்தது, வேண்டுமென்றால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதுபோல. என் வீட்டுக்காரர், இதுவே நன்றாக இருக்கிறது, விடுங்கள் என்றார். மாமா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "லைன் இஸ்காம வுட்டா சிக்னல் எப்புடிடா வரும்? உள்ள கீறவன் செத்தானா பொழைச்சானான்னு கரைல கீறவனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. பழைய டெலிபோன் கேபிளைக் கீறி உள்ளிருந்த செம்புக் கம்பியை எடுத்துப் பார்த்தார். அந்தச் சின்னக் கப்பலுக்கு அது கடப்பாரை மாதிரி இருந்தது. தையல் நூலில் பிசிறு தெரிந்தது. ஏரியில் தூண்டில் போடுகிறவரிடம் கேட்டு வாங்கிய நரம்பு சுருண்டுகொண்டு நேராகவே நிற்கவில்லை. கப்பல் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, இளகும்போது இரண்டு பக்கமும் இழுத்தால் மெல்லிய இழை வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு அதையும் செய்தார். இழை வந்தது, ஆனால் ஒரு இடத்தில் தடியாக, ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாமல். வீடு பூராவும் கருகின பிளாஸ்டிக் நாற்றம். பிறகு ஒரு நாள் பார்த்தால் மூன்று கம்பியும் கப்பலில் இருந்தன. எவ்வளவு மெல்லிசு என்றால், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால்தான் தெரியும். அதில் குண்டூசி முனையால் வெள்ளைப் பசையைத் தொட்டுவைத்துப் பீங்கான்கூடச் செய்திருந்தார். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. குளியலறையில் என் சீப்பு தினமும் சுத்தமாக இருந்தது. நான் அவசரத்தில் தலையை வாரிவிட்டு அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன், சாயந்தரம் வந்து பார்த்தால் ஒரு முடி இருக்காது. வேலைக்கு வரும் அக்காதான் எடுத்துப் போடுகிறார் என்று நினைத்து, தீபாவளிக்கு அவருக்குக் கொஞ்சம் நல்ல புடவையாகவே எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏன் இவ்வளவு நல்ல புடவை என்று விழித்தது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி மழையில் புரிந்தது. எங்கள் வீடு ஏரிக்குப் பக்கத்தில். மழைக்காலம் வந்தால் சுவர் வியர்க்கும், உப்பு டப்பாவில் தண்ணீர் நிற்கும், அப்பளம் பொரித்த கையோடு நமுத்துப்போகும். அந்த வாரம் கப்பலின் கம்பிகளும் துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்ந்து தொங்கின. பக்கத்து வீட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய் இருந்தார். மாமாவுக்குப் பூதக்கண்ணாடி கொடுத்தவர் அவர்தான். அவரை உட்கார வைத்து மாமா அந்தத் தொய்வைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு பேருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்தேன். "முடி பாய் அது. ஈரத்துக்கு நீண்டுக்கும், காஞ்சா சுருங்கிக்கும். மெட்டல் வெய்யிலுக்குத்தான் நீளும், மழைல சுருங்கும். இது நேர் ஆப்போசிட்டு" என்று மாமா சொன்னார். பாய், "மனுஷ முடியா சார்?" என்று கேட்டார். "நம்ம மருமக முடிதான். நல்லா ஸ்ட்ராங்கா கீது பார்" என்றார் மாமா. பாய் என்னைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். நான் தட்டோடு நின்றேன். கூடத்தில் யாரோ என் உள்பாவாடையைக் கொடியில் காயப்போட்டு விருந்தாளியைக் கூப்பிட்டுக் காட்டியதுபோல் இருந்தது.

அத்தோடு போயிருந்தால்கூடச் சண்டை போட்டு முடித்திருப்பேன். தட்டை வைக்க உள்ளே போனவள், கைகழுவும் தொட்டி ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தேன். நுரைத் தண்ணீரில் என் முடி ஐந்தாறு ஊறிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது என்று சீயக்காய் போட்டு ஊறவைத்திருக்கிறார். டம்ளரின் விளிம்பில் ஒரு நசுங்கல். அந்த நசுங்கலை எனக்குத் தெரியும். நான் தினமும் காலையில் காபி குடிக்கிற டம்ளர் அது. குளியலறைக்குள் ஓடி, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தேன். எத்தனை மாதமாக அந்த டம்ளரில் அது ஊறி, கழுவி, மறுபடி அடுப்படிக்கு வந்திருக்கும் என்று இன்றுவரை கணக்குப் போடாமல் இருக்கப் பாடுபடுகிறேன்.

அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே பேசினேன். ஊரப்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய ஃபிளாட் சாவி கைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாமாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றுதான் அதைப் பூட்டியே வைத்திருந்தோம். "மாமா, இன்னொரு தடவை என் முடிமேல கை வச்சீங்கன்னா, நாங்க ஊரப்பாக்கம் போயிடுவோம். நீங்க இங்க தனியாத்தான் இருக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மாமா கையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "தப்புதாம்மா. கேட்டுட்டு எடுத்துருக்கணும்" என்றார். மறுநாள் காலையில் என் கண் முன்னாலேயே மூன்று கம்பியையும் ட்வீசரால் பிடுங்கி, குப்பைக்கூடையில் போட்டார். அந்த டம்ளரை நான் போட்டேன்.

இதற்கு நடுவில் பாய் வேறு, அந்தக் கப்பலை ஒரு கண்காட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பொம்மைக் கப்பல், விமானம், ரயில் செய்கிற பொழுதுபோக்குக்காரர்கள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் நடத்துவது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில், கார்த்திகை மாதக் கடைசியில். மாமாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மறுபடியும் மெழுகுவத்தி, கருகின நாற்றம், விரலில் கொப்புளம். லைன் இல்லாமல் கப்பலை அனுப்ப மாட்டேன் என்ற அவர் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. சும்மா ஒரு பிளாஸ்டிக் பொம்மை, எவன் கம்பியை எண்ணப்போகிறான் என்று வாய்விட்டே சொன்னேன். கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால் வேலையிலிருந்து வந்தபோது மூன்று கம்பியும் இருந்தன. சாம்பல் நிறப் பெயின்ட் பூசி, கொஞ்சம்கூடத் தொய்வில்லாமல், நூல் பிடித்தாற்போல் நேராக. வெளியே கொட்டுகிற மழை. கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்தானே மாமா?" என்று கேட்டேன். "உன்னுது இல்லம்மா. பயப்படாத" என்றார். அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கண்காட்சி அன்று காலையிலேயே பாயின் வண்டியில் கப்பலைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் மதியத்துக்கு மேல் போனோம். கல்யாணத்துக்குப் போடும் ஏசி, உள்ளே போனதும் மயிர்க்கூச்செறிந்தது, உதடு காய்ந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் கப்பலுக்குப் பின்னால் பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணின் அப்பா நிற்பதுபோல் நின்றார். நான் குனிந்து பார்த்தேன். மூன்று கம்பியும் விறைத்துப்போயிருந்தன. கோபுரத்தின் மேல் ஊசிபோல் நின்ற குழாய் வால் பக்கமாக வளைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்குக் கம்பி பசையோடு பிய்த்துக்கொண்டு, ஒரு முனை அந்தரத்தில் நின்றது. நடுவர் வந்தார், வளைந்த குழாயைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். ஈரத்துக்கு நீளும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் இழை அப்படிச் செய்யாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"இது முடி" என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். "உன்னுது இல்லம்மா" என்று அதையே திரும்பச் சொன்னார். "பின்ன யாருது?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், பக்கத்தில் நின்ற தன் பையனைப் பார்த்தார், மூடிக்கொண்டார். என் முடியைத் தினமும் காலையில் திருடி, பெயின்ட் அடித்து மறைத்து, முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொல்கிற ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பும்போது அவர் கப்பலைச் செருப்பு டப்பாவில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். பெருங்களத்தூர் தாண்டும்போது நான் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, "தை பொறந்ததும் போறோம்" என்றேன். மார்கழியில் வீடு மாறக் கூடாது என்பதால்தான் அந்தத் தவணை. என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த மார்கழி முப்பது நாளும் ஒரே கூரைக்குக் கீழே கழிந்தது. நான் வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை மாமா குளியலறைப் பக்கம் வரமாட்டார். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பாட்டு மேஜைக்கு வருவார். என் சீப்பில் முடி அப்படியே சேர்ந்து கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இப்போது மட்டும் யோக்கியர் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போட்டேன். தை இரண்டாம் வாரம் லாரி வந்தது. மாமா பால் காய்ச்சும் அன்று மட்டும் வந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, ஜன்னல் வழியே மேலே ஓடும் கேபிள்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. ரயிலில் ஏறினால் கால்மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போவோம், பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. சாயந்தரம் ஆறு மணிக்கு அவர் போன் செய்வார். என் போனில் வந்தால் நான் எடுக்கமாட்டேன், வீட்டுக்காரரிடம் நீட்டிவிடுவேன். அடுத்த அறையிலிருந்து, "கிளியரா இருக்குப்பா, சொல்லுங்க" என்று அவர் சொல்வது கேட்கும். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு வைகாசியில் நெஞ்சுவலி என்று பாய்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். அந்த வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்தது இரண்டே பொருள், இந்தக் கப்பலும், கப்பல் வேலைச் சாமான்களை மாமா போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னும். கப்பல் ஃபிரிட்ஜ் மேலும் டின் பரண் மேலும் போயின.

இனி அந்தப் போகி வேலைக்கு வருகிறேன். விரலில் ஒட்டிய முடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பெயின்ட் சாம்பல் தூளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே என் கறுப்பு முடி இருக்கும் என்றுதான் எனக்கு அத்தனை அருவருப்பு. கறுப்பு இல்லை. செங்காவி. ஆரஞ்சுத் திட்டுத் திட்டாக இருந்த தலையணை உறையின் அதே நிறம். குழாயை மூடாமலே நின்றேன். பிறகு பரணிலிருந்து டின்னை இறக்கித் திறந்தேன். பூதக்கண்ணாடி, ட்வீசர், காய்ந்துபோன பசை, அடியில் நாலாக மடித்த ஒரு பால் கவர். உள்ளே விரலில் சுற்றிச் சுருட்டிய முடி உருண்டைகள், அத்தை சுருட்டியபடியே. நான் இறுக்கி முடிச்சுப் போட்டு வாசலில் வைத்த அந்தக் கறுப்புப் பையை, குப்பை வண்டி வருவதற்குள், அவர் அவிழ்த்துத் தேடியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வரிசையாக வந்தது, நான் வேண்டாம் என்றாலும். கவரில் அத்தனை முடி இருந்தும் அவர் முதலில் என் சீப்புக்கு வந்தது, அத்தையின் முடியில் ஒன்றைக்கூடச் செலவு செய்ய மனம் வராமல்தான். என் முடியைத் தொடாதே என்று நான் சொன்ன பிறகு அதைச் செலவு செய்தார். மண்டபத்தில் அதைச் சொல்லியிருந்தால், நான் குப்பையில் போட்டேன் என்பதையும் தன் பையன் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் கம்பத்துக்குக் கம்பம் லைன் இழுத்தவர் அவர். "கொஞ்சம் தொங்க வுடணும்மா, இஸ்து கட்னா பனிக்காலத்துல அறுத்துகினு பூடும்" என்று கம்பத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னவர். முடி என்ன செய்யும் என்று பாய்க்குப் பாடம் எடுத்தவர். அவர் அந்த மழையில் மூன்று லைனையும் விறைப்பாக இழுத்துக் கட்டினார் என்றால், தெரியாமல் கட்டவில்லை. தொங்கினால் முடி என்று நான் கண்டுபிடித்துவிடுவேன், கண்டுபிடித்தால் போய்விடுவேன் என்று பயந்து கட்டினார். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எழுத வார்த்தை தேட வேண்டியதில்லை. அந்த டம்ளரைப் பார்த்தபோது வந்ததும் இதுவும் ஒன்றுதான், இதை வாந்தி எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதும் எனக்கு முடிமேல் இருந்த அருவருப்பு போய்விட்டது என்று எழுதினால் பொய். செத்துப்போனவர் தலைமுடி, குப்பையில் கிடந்து வந்தது, என் சமையலறையில், என் கையில். மூச்சை வாயால்தான் விட்டுக்கொண்டேன். வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டி, ட்வீசரால் முடியைப் பிடித்தேன். கையுறை நுனி மடங்கி மடங்கி முடி நழுவியது. கழற்றிவிட்டேன். தெருமுனைக் கடையில் போய்ப் பசை வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "தூக்கிப் போடறேன்னியே?" என்று கேட்டார். "லைன் அறுந்திருக்கு. போட்டுட்டு வரேன்" என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கப்பலைப் பார்த்தார். அவரிடம் அந்தப் பால் கவரை எப்படிக் காட்டுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் காட்டத்தான் வேண்டும்.

பூதக்கண்ணாடியை டின் மேல் சாய்த்து வைத்து, குண்டூசி முனையில் பசை தொட்டு, கோபுரத்தில் ஒரு முனையை ஒட்டினேன். மறுமுனையை வாலுக்குக் கொண்டுபோகும்போது குமட்டிக்கொண்டுதான் வந்தது. இரண்டு தடவை நிறுத்தி, ஜன்னலில் தலையை நீட்டி மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். மார்கழிக் கடைசிக் காற்று, காய்ந்த காற்று. இன்னும் சுருங்கும். ஒட்டும்போது இழுக்காமல், ஒரு நெல்மணி அளவுக்குக் கீழே இறங்கும்படி தொங்கவிட்டு ஒட்டினேன். பெயின்ட் அடிக்கவில்லை. கப்பலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.